‘லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்’: சான் ஃபிரான்சிஸ்கோவில் உங்கள் முதல் குயர் வாசிப்புக் கூட்டம்

“எங்க கிளம்பிட்டே?” என்று வீட்டில் யார் கேட்டாலும், “லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்” என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி வராது. ரூம்மேட் தலையை நிமிர்த்தக்கூட மாட்டார். ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருக்கும் அம்மா, “ஸ்வெட்டர் எடுத்துக்கோ” என்பதோடு நிறுத்திக்கொள்வார். அது பொய்யும் இல்லை.

சான் ஃபிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் நடக்கும் குயர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோரைச் சேர்த்துச் சொல்லும் சொல்) எழுத்தாளர் வாசிப்புக் கூட்டங்களுக்கு முதல் தடவை போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக்கோ படிப்புக்கோ பே ஏரியாவுக்கு, அதாவது சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும், வந்தவர்கள், கவிதை எழுதி யாருக்கும் காட்டாமல் கூகுள் டாக்கில் பூட்டி வைத்திருப்பவர்கள், தங்களைப் பற்றி இன்னும் எவரிடமும் வாய் திறக்காதவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும். பாருக்குப் போனால் வயதுச் சான்று கேட்பார்கள். கிளப்புக்குப் போனால் கட்டணம், உடுப்பு, காதைக் கிழிக்கும் சத்தம். நூலகத்தில் உள்ளே நுழைகிறவரிடம் எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கூட்டம் பிடிக்காவிட்டால் எழுந்துபோய் வேறு மாடியில் சமையல் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் அந்தக் கட்டடத்தில் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

குயர் என்ற சொல்லுக்கு, தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் ‘பால்புதுமையர்’ என்று இருக்கிறது. நல்ல சொல். ஆனால் கூட்டத்தில் காதில் விழப்போவது குயர்தான் என்பதால் நானும் அதையே எழுதிப் போகிறேன்.

கொஞ்சம் பழைய கதை

இந்தக் கூட்டங்களைப் பற்றிப் பேசும்போது ‘அண்டர்கிரவுண்ட் எழுத்தாளர்’ என்ற சொல் அடிபடும். அதைக் கேட்டதும் போலீஸ் தேடும் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் சிறுபத்திரிகைக்காரர்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பெரிய பதிப்பகம் தொடாத எழுத்து. ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, கையிலிருந்து கைக்குப் போகும் சின்னப் புத்தகம். இதை இங்கே ‘ஜைன்’ என்பார்கள். இந்த நகரத்துக்கு அப்படிப்பட்ட எழுத்தைச் சத்தமாக வாசித்துக் கேட்கும் பழக்கம் பழையது. 1955 அக்டோபரில் ஆலன் கின்ஸ்பெர்க் என்ற தன்பாலீர்ப்பாளர் தன் நீண்ட கவிதையை முதன்முதலாக ஒரு கூட்டத்துக்கு முன் வாசித்தது இங்கேதான். அந்த இடம் அதற்கு முன் கார் பழுது பார்க்கும் ஷெட்டாக இருந்தது. பிறகு அதே கவிதையை அச்சிட்டதற்காக 1957-ல் ஆபாச வழக்கே நடந்தது, பதிப்பாளர் விடுதலையானார்.

மிஷல் டீ என்ற குயர் எழுத்தாளர் அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தவர். தொண்ணூறுகளில் ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் ஏறி வாசிக்கலாம்) மேடைகளில் ஆண்களே மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அலுத்துப்போய் அவரும் சினி ஆண்டர்சனும் 1994-ல் பெண்களுக்கென்று ஒரு மேடை தொடங்கினார்கள். பெயர் சிஸ்டர் ஸ்பிட். 1997-ல் வேனில் ஏறி ஊர் ஊராகப் போய் வாசிக்க ஆரம்பித்தார்கள். 2003-ல் மிஷல் டீ, ரேடார் புரொடக்‌ஷன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் வாசிப்புத் தொடரை பாரில் வைக்கவில்லை, கஃபேயில் வைக்கவில்லை. நகரத்தின் பொது நூலகத்தில், கட்டணமில்லாமல் வைத்தார். பெயர் வாங்கிய எழுத்தாளரும் நேற்று முதல் ஜைன் போட்டவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். முடிந்ததும் கேள்வி நேரம். கேள்வி கேட்பவருக்கு மிஷல் டீ தன் வீட்டில் சுட்ட குக்கீ ஒன்று கிடைக்கும்.

அந்தக் குக்கீயை நான் தின்றதில்லை. நான் இங்கே வருவதற்குள் அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எழுத்தாளர் வாசித்து முடித்ததும் “யாருக்காவது கேள்வி இருக்கா?” என்றால் நம் ஊரிலும் சரி இங்கேயும் சரி, எல்லோரும் செருப்பைக் குனிந்து பார்ப்பார்கள். ஒரு குக்கீயைக் காட்டினால் நாற்பது வயது ஆள்கூடக் கையைத் தூக்கிவிடுவார். அதற்குப் பின் அவர் வேற்றாள் இல்லை, கேள்வி கேட்டவர்.

நூலகத்துக்கும் இதில் சொந்தக் கதை உண்டு. மெயின் லைப்ரரியின் இப்போதைய கட்டடம் 1996 ஏப்ரலில் திறந்தது. அதோடு மூன்றாம் மாடியில் ஜேம்ஸ் ஹார்மெல் பெயரில் ஒரு மையமும் திறந்தது. அமெரிக்கப் பொது நூலகங்களில் பால்புதுமையருக்கென்று கட்டடத்துக்குள்ளேயே அமைந்த முதல் மையம் அது. (ஹார்மெல் பின்னாளில் லக்ஸம்பர்க்குக்கு அமெரிக்கத் தூதராகப் போனார், வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளரான முதல் அமெரிக்கத் தூதர் அவர்.) 2001 வாக்கில் நூலகர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். அலமாரிகளுக்கு அடியில் புத்தகங்கள் கிடந்தன, அட்டையும் தாளும் கத்தியால் அறுக்கப்பட்டு. பெரும்பாலும் தன்பாலீர்ப்பு, பெண்கள் தொடர்பான புத்தகங்கள். எண்ணிப் பார்த்தால் அறுநூறுக்கும் மேல். அறுத்தவர் பிடிபட்டார். இனி கடனுக்குக் கொடுக்க முடியாத அந்தப் புத்தகங்களை நூலகம் குப்பையில் போடவில்லை. கலைஞர்களுக்கு ஆளுக்கொன்றாக அனுப்பி, எதையாவது செய்து தாருங்கள் என்றது. 2004-ல் இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளோடு கண்காட்சி வைத்தார்கள். மூன்றாம் மாடிக்குப் போகும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

எதைத் தேடுவது, எங்கே தேடுவது

ஒரு குறிப்பிட்ட தொடரின் பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள். தொடர்களின் பெயர் மாறும், கிழமை மாறும், நடத்துபவர்கள் மாறுவார்கள். நூலகத்தின் இணையதளத்தில் நிகழ்ச்சிப் பட்டியல் இருக்கிறது. அதில் பால்புதுமையர் தலைப்பையும் எழுத்தாளர் நிகழ்ச்சிகளையும் வடிகட்டிப் பாருங்கள். ஜூன் மாதம் ப்ரைட், அதாவது பால்புதுமையர் பெருமை மாதம், என்பதால் பட்டியல் நிரம்பி வழியும். அப்போது நெரிசலும் அதிகம், பேச்சாளர்களும் பெரிய பெயர்களாக இருப்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரியிலோ செப்டம்பரிலோ ஒரு சாதாரண வாரநாள் மாலை. முப்பது நாற்காலி, இருபது பேர். அதுதான் சரியான அளவு.

பட்டியலில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, எந்த அறை. இரண்டு, நேரில் மட்டுமா, ஆன்லைனிலும் ஓடுகிறதா. மூன்று, ஆங்கிலத்தில் ‘ரீடிங்’ என்று போட்டிருக்கிறதா, ‘ஓப்பன் மைக்’ என்று போட்டிருக்கிறதா. ரீடிங் என்றால் அழைக்கப்பட்டவர்கள் வாசிப்பார்கள், நீங்கள் கேட்பீர்கள். ஓப்பன் மைக் என்றால் வாசலில் ஒரு தாள் இருக்கும், பெயர் எழுதினால் நீங்களும் மேடை ஏறலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் கையில் பத்துப் பக்கக் கவிதையோடு ரீடிங்குக்குப் போய் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

நூலக அட்டை கூட்டத்துக்குத் தேவையில்லை. ஆனால் எடுத்து வையுங்கள். கலிபோர்னியாவில் வசிப்பவர் யாராக இருந்தாலும் இலவசமாகத் தருகிறார்கள், நகரத்துக்குள் வீடு இருக்க வேண்டியதில்லை. 2019 செப்டம்பரிலிருந்து தாமத அபராதமும் கிடையாது. நீங்கள் என்ன புத்தகம் எடுத்தீர்கள் என்ற விவரம் மாநிலச் சட்டப்படி ரகசியம். சிலருக்கு இந்தக் கடைசி வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக இருக்கும்.

போகும் வழி

முகவரி லார்கின் தெரு 100. பார்ட் (பே ஏரியாவின் மெட்ரோ ரயில்) பிடித்து சிவிக் சென்டர் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. ஃப்ரீமான்ட், மில்பிடாஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பச்சைத் தட ரயில் நேராகக் கொண்டுவந்து விடும். சன்னிவேல், மவுன்டன் வியூ ஆட்கள் கால்ட்ரெய்ன் என்ற புறநகர் ரயிலில் கடைசி நிறுத்தம் வந்து, அங்கிருந்து முனி எனப்படும் நகரப் போக்குவரத்தின் என்-ஜூடா தட ரயிலைப் பிடித்தால் சிவிக் சென்டர். காரில் வர வேண்டாம். பார்க்கிங் தேடிச் சுற்றுவதற்குள் முதல் இரண்டு பேர் வாசித்து முடித்திருப்பார்கள். தப்பித்தவறி காரில் வந்தால் இருக்கையில் எந்தப் பையையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள், கண்ணாடி மிஞ்சாது.

நிலையத்திலிருந்து மேலே ஏறியதும் பார்ப்பது சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். வீடில்லாதவர்கள், போதையில் குனிந்து நிற்பவர்கள், நடைபாதையில் கூடாரம். பயந்து திரும்பிப் போனவர்களைத் தெரியும். யாரையும் முறைத்துப் பார்க்காமல், போனை உள்ளே வைத்துக்கொண்டு, இயல்பாக நடங்கள். அவர்களில் பலர் பகலில் இதே நூலகத்தின் வாசகர்கள். 2009-ல் நாட்டிலேயே முதன்முதலாக முழுநேர சமூகப் பணியாளரை வேலைக்கு வைத்த நூலகம் இது. அந்த வாசலுக்கு நாம் எவ்வளவு உரிமைக்காரர்களோ அவர்களும் அவ்வளவு.

சீக்கிரம் வந்துவிட்டால் மூன்றாம் மாடிக்குப் போங்கள். அமெரிக்கக் கணக்கில் தரைத்தளமே முதல் மாடி. அதனால் நம் கணக்கில் இரண்டு மாடி ஏறினால் போதும். ஹார்மெல் மையம் வட்டமான சின்ன அறை. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், கூரையில் சுற்றிலும் ஓவியம். இன்னும் நேரமிருந்தால் ஆறாம் மாடி. அங்கே, வெளிப்படையான தன்பாலீர்ப்பாளராக இந்த நகரத்தில் தேர்தலில் வென்ற ஹார்வி மில்க்கின் காகிதங்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் நகர வரலாற்றுப் பிரிவு இருக்கிறது. அதே மாடியில் ஜைன்களுக்கும் சிறுபத்திரிகைகளுக்கும் தனித் தொகுப்பு. நம் ஊரில் எத்தனை சிறுபத்திரிகை கறையானுக்குப் போனது என்று நினைத்தால் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும்.

உள்ளே நுழைந்தபின்

கூட்டங்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கும் அரங்கிலோ அதை ஒட்டிய சமூகக் கூடத்திலோ நடக்கும். வாசலில் ஒருவர் சிரித்துக்கொண்டே வரவேற்பார். ஒட்டும் தாளும் மார்க்கரும் இருந்தால் பெயரை எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சொந்தப் பெயர் வேண்டுமென்பதில்லை. ‘குறிஞ்சி’ என்று எழுதினாலும் அன்றைக்கு நீங்கள் குறிஞ்சிதான். பெயருக்குக் கீழே ப்ரொநவுன் எழுதுவார்கள், அதாவது உங்களை ஹி என்பதா, ஷி என்பதா, தே என்பதா. தே என்று ஒருவரை ஒருமையில் சொல்ல ஆங்கிலக்காரர்களுக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நமக்கு இது பழகின விஷயம். டீச்சர் வந்தாலும் டாக்டர் வந்தாலும் ‘அவங்க’ என்கிறோமே, அதில் ஆண் பெண் எங்கே இருக்கிறது? அப்படி நினைத்துக்கொண்டால் தப்பே வராது. தப்பி வந்துவிட்டால் திருத்திச் சொல்லிவிட்டு மேலே போங்கள். ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

எங்கே உட்காருவது என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் சின்ன விஷயமில்லை. நூலகம் தன் நிகழ்ச்சிகள் பலவற்றைப் பதிவு செய்து யூடியூபில் போடுகிறது. கேமரா எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வழக்கமாகப் பின்னால் நின்று மேடையைப் பார்க்கும். முன் வரிசைக்காரர்களின் பின்தலை விழும், கேள்வி கேட்பவரின் குரல் விழும். முகம் தெரியக்கூடாது என்றால் பின் வரிசை, ஓர நாற்காலி. சந்தேகம் இருந்தால் வாசலில் இருப்பவரிடம் நேராகவே கேளுங்கள்: “பதிவு செய்றீங்களா? நான் படத்துல வர வேண்டாம்.” யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள், அந்த அறையில் பலருக்கு அந்தக் கவலை ஒரு காலத்தில் இருந்திருக்கும். இந்தியாவில் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தளர்த்திவிட்டது; சித்தப்பாவின் வாட்ஸாப் குழுவை எந்த நீதிமன்றமும் தளர்த்தவில்லை.

அதே காரணத்துக்காக நீங்களும் பார்வையாளர்களைப் படம் எடுக்கக் கூடாது. மேடையில் வாசிப்பவரை எடுப்பதென்றால்கூடக் கேட்டுவிட்டு எடுங்கள். அங்கே தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் — ஆபீஸ்காரராக இருக்கலாம், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பார்த்தவராக இருக்கலாம் — லேசாகத் தலையசையுங்கள். அவர் பேசினால் பேசுங்கள். மறுநாள் கேண்டீனில் “நேத்து உங்களை அங்க பார்த்தேனே” என்று ஆரம்பிக்கவே கூடாது. நான் இங்கே சொல்லும் மற்ற எல்லா விதிகளையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சில கூட்டங்களில் கைதட்டலோடு விரலையும் சொடுக்குவார்கள். ஒரு வரி பிடித்தால் வாசிப்பின் நடுவிலேயே சொடுக்கு கேட்கும். நம் கவியரங்கத்தில் ‘ஆஹா’, ‘மறுபடி’ என்பது மாதிரிதான், கொஞ்சம் அடக்கமாக. வாசிக்கும் முன் “இதில் வன்முறை வரும், தற்கொலை பற்றி வரும்” என்று எச்சரிப்பார்கள். அப்போது யாராவது எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்காதீர்கள்.

கேள்வி நேரம் வரும். குக்கீ இல்லாவிட்டாலும் ஒன்று கேளுங்கள். ‘உங்களுக்கு எது உத்வேகம்’ வேண்டாம், அதற்கு அவர்கள் ஆயிரம் தடவை பதில் சொல்லியிருப்பார்கள். வாசிக்கும்போது ஒரு வரியைக் குறித்துக்கொண்டு, “அந்த இடத்தில் ஏன் அம்மாவின் பேச்சை மட்டும் ஸ்பானிஷிலேயே விட்டீர்கள்?” என்று கேட்டால் அவர் முகம் மாறும். கூட்டம் முடிந்ததும் உங்களைத் தேடி வருவார். அதுதான் அறிமுகம், விசிட்டிங் கார்டு எல்லாம் இங்கே யாரும் நீட்டுவதில்லை.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2015-ல் இதே ரேடார் அமைப்பின் வழியாகத்தான் குழந்தைகளுக்கு டிராக் கலைஞர்கள் (மிகையான ஒப்பனையோடு, பெரும்பாலும் எதிர்பால் உடையில் மேடையேறுபவர்கள்) கதை வாசிக்கும் நிகழ்ச்சி இந்த நகரத்தில் தொடங்கியது. அது நாடெங்கும் பரவியது, எதிர்ப்பும் கூடவே பரவியது. 2022 ஜூனில் பக்கத்திலிருக்கும் சான் லொரென்சோ நூலகத்தில் அப்படியொரு கதை நேரத்துக்குள் தீவிர வலதுசாரிக் கும்பல் புகுந்து கத்தியது. பெரியவர்களுக்கான மாலை வாசிப்பில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. யாராவது குரல் எழுப்பினால் நீங்கள் பதில் பேசப் போக வேண்டாம். காவலர்கள் இருக்கிறார்கள், நடத்துபவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது. வெளியேறும் வழி எது என்று மட்டும் உள்ளே வரும்போதே பார்த்து வையுங்கள்.

நீங்கள் வாசிக்க விரும்பினால்

முதல் மூன்று கூட்டங்களுக்கு வெறும் காதாகப் போங்கள். பிறகு ஓப்பன் மைக். ரீடிங் தொடர்களில் யார் வாசிப்பது என்பதை ஒருங்கிணைப்பாளர்தான் முடிவு செய்வார். அவர்கள் ஆள் பிடிப்பது ஓப்பன் மைக்கிலும் ஜைன் மேசைகளிலும்தான். வருடா வருடம் நடக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ ஜைன் ஃபெஸ்டுக்குப் போங்கள். அக்டோபரில் லிட்க்வேக் என்ற இலக்கிய விழா வரும்போது மிஷன் பகுதியில் கடை கடையாக நடக்கும் லிட் க்ரால் வாசிப்புகளுக்கும் போங்கள். பிறகு ஒருங்கிணைப்பாளருக்கு மூன்று வரியில் மின்னஞ்சல், ஐம்பது சொல்லில் தன் குறிப்பு, மூன்று நான்கு பக்க மாதிரி. “உங்கள் போன மாதக் கூட்டத்தில் இருந்தேன்” என்ற ஒரு வரி போதும், மீதியைப் படிப்பார்கள்.

நேரம்தான் இங்கே மரியாதை. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். நம் ஊர் மேடையில் “கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்” என்று மூன்று தடவை சொல்லும் பழக்கத்தை பார்ட்டிலேயே இறக்கிவிட்டு வாருங்கள். நான் முதல் தடவை ஒரு கஃபே மேடையில் ஐந்து நிமிடத்துக்குப் பதினொரு நிமிடம் எடுத்தேன். ஆறாவது நிமிடத்தில் நடத்துபவர் செல்போன் விளக்கை ஆட்டினார். எனக்கு அது பாராட்டு மாதிரி பட்டது. எனக்குப் பின்னால் வாசிக்க வேண்டிய கடைசிப் பெண்ணுக்கு நேரமில்லாமல் போனது. அவர் தாளை மடித்துப் பையில் வைத்த சத்தம் இப்போதும் கேட்கிறது.

கணக்கு இதுதான்: இரட்டை இடைவெளி விட்டு அச்சிட்ட ஆங்கிலப் பக்கம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு பக்கம் எடுத்துப் போனால் மூச்சுவிட இடமிருக்கும். தமிழுக்குப் பக்கக் கணக்கு சரிவராது. சொற்கள் நீளம், ஒரே சொல்லில் ஒரு வாக்கியமே அடங்கிவிடும். வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்து வாசித்துப் பாருங்கள். உட்கார்ந்து மனதுக்குள் வாசித்தால் பாதி நேரம்தான் காட்டும்.

தாள்தான் நல்லது. போன் திரை சரியாக உங்கள் உச்ச வரியில் அணைந்துபோகும், அல்லது மேலே “சாப்டியா?” என்று அம்மாவின் செய்தி வரும். எழுத்து அளவு 16. பக்கங்களை ஸ்டேப்ளர் அடிக்காமல், ஓரத்தில் பெரிதாக எண் போட்டு வையுங்கள். படித்த தாளைச் சத்தமில்லாமல் அடியில் தள்ளிவிடலாம். பக்கத்தின் கடைசி வரி வாக்கியத்தின் நடுவில் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. திக்கும் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு. தாளின் தலையில் ‘மெதுவா’ என்று எழுதி வைப்பேன், ஒவ்வொரு பக்கத்திலும். மைக்கை வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டால் ‘ப’வும் ‘ட’வும் வெடிக்காது. தட்டிப் பார்க்காதீர்கள். “ஹலோ மைக் டெஸ்டிங்” வேண்டவே வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு மொழியிலும் வாசிக்கலாம். முழுக் கவிதையையும் தமிழில் வாசித்துவிட்டுப் பிறகு முழுவதும் ஆங்கிலத்தில் வாசித்தால் கூட்டம் தளர்ந்துவிடும். நாலு வரி தமிழ், அப்புறம் முழு ஆங்கிலம், கடைசியில் அதே நாலு வரி மறுபடி தமிழில். இரண்டாம் தடவை கேட்கும்போது அவர்களுக்கு அர்த்தம் தெரியும், ஓசை மட்டும் மிச்சம்.

மொழிபெயர்க்கும்போது ஒரு சிக்கல் வரும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று தமிழ் வினைச்சொல்லே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் மறைக்க முடிந்த காதலை இங்கே விகுதி போட்டு உடைத்துவிடும். ஆனால் ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் பால் கிடையாது. என் கவிதைகளில் பாதி ‘நீ’யைப் பார்த்துப் பேசுவது அழகுக்காக இல்லை, ரொம்ப நாள் அது ஒன்றுதான் வழியாக இருந்தது. இப்போது ‘வந்தான்’ என்று எழுதத் துணிந்துவிட்டேன். அந்த ‘ன்’னை மைக்கில் முதன்முதலில் சொன்னபோது, தமிழ் தெரியாத அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆட்களின் பெயர். பழைய காதலைப் பற்றி வாசிக்கும்போது உண்மைப் பெயர், ஊர், கம்பெனி, காரின் நிறம் எதுவும் வேண்டாம். நீங்கள் வெளியே சொல்லத் தயார், அவர் தயாரா என்று உங்களுக்குத் தெரியாது. பதிவு யூடியூபில் ஏறிவிட்டால் திரும்ப வாங்கவும் முடியாது. அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. ‘தலைவன்’ என்றால் போதும், எந்தத் தலைவன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். இந்தக் காரணத்தை நினைத்து வைத்த விதி இல்லைதான், ஆனாலும் இவ்வளவு வசதியான விதி எனக்கு வேறு கிடைத்ததில்லை.

கடைசியாக விசா. சில தொடர்களில் வாசிப்பவருக்குச் சின்னதாக ஒரு சன்மானம் கொடுப்பார்கள். நல்ல பழக்கம். ஆனால் எச்-1பி விசாவில் இருப்பவர் தன்னை ஸ்பான்சர் செய்த நிறுவனம் தவிர வேறெங்கும் வேலைக்குப் பணம் வாங்க முடியாது. மாணவர் விசாவுக்கும், வேலை அனுமதி இல்லாத எச்-4க்கும் (எச்-1பிக்காரரின் குடும்பத்தினர் விசா) கட்டுப்பாடுகள் உண்டு. ஐம்பது டாலர்தானே என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் குடிவரவு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். “சன்மானம் வேண்டாம், வாசிக்கிறேன்” என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் பெரும்பாலும் சங்கடம் இல்லை.

கூட்டம் முடிந்தபின்

உடனே ஓடிவிடாதீர்கள். நாற்காலிகளை மடிக்கக் கை கொடுங்கள். ஒருங்கிணைப்பாளர்கள் உங்கள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை, கையில் வேலை இருந்தால் பேச்சும் தானாக வரும். ஜைன் விற்கும் மேசை இருந்தால் ஒன்று வாங்குங்கள். சில ஜைன்களுக்குக் காசே வேண்டாம், உங்கள் ஜைனைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஏ-4 தாளில் இரண்டு தமிழ்க் கவிதை, பக்கத்தில் ஆங்கிலம், எட்டாக மடித்தால் நீங்களும் பதிப்பாளர்.

சிலர் அப்புறம் டாகோ சாப்பிடப் போவார்கள், கூப்பிட்டால் போங்கள். வெளிச்சம் இருக்கும்போது ஒரு நாள் டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் மூலைவரை நடந்து பாருங்கள். நியூயார்க்கில் போலீஸை எதிர்த்து வெடித்த ஸ்டோன்வால் கலவரத்துக்கு மூன்று ஆண்டுக்கு முன்பே, 1966 ஆகஸ்டில், காம்ப்டன்ஸ் காஃபிடேரியாவில் போலீஸ் தொல்லை பொறுக்காமல் திருநங்கைகள் எதிர்த்து நின்ற இடம் அதுதான்.

திரும்பும்போது மணியைப் பாருங்கள். இரவு 9 மணிக்கு மேல் பச்சைத் தட ரயில் ஓடாது. ஃப்ரீமான்ட் பக்கம் போகிறவர்கள் நீலத் தடத்தில் ஏறி பேஃபேரில் இறங்கி, ஆரஞ்சுத் தடத்துக்கு மாற வேண்டும். அந்த நடைமேடை திறந்தவெளி, நல்ல காற்று அடிக்கும், சில நாள் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். அம்மா சொன்ன ஸ்வெட்டர் அப்போதுதான் தேவைப்படும். வாங்கிவந்த ஜைனை அங்கேயே நின்று படிக்க ஆரம்பிக்கலாம், விளக்கு போதுமான வெளிச்சம் தரும்.